கைக்கு ஒரு வீசம்

ரயில் மண்டோர் சதாசிவத்துக்கு எதையும் முழுசாகச் சொல்ல வராது. வயசு என்ன என்று கேட்டால் நாற்பது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். “நாப்பதுக்கு அரைக்கால் குறைச்சல்” என்பார். சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் “முக்காலே அரைக்கால் வெந்திருக்கு” என்பார். மலாயாவில் லாபிஸ் ஸ்டேஷனுக்கு வடக்கேயும் தெற்கேயும் தண்டவாளத்தைப் பராமரிக்கிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே மூன்றடி மூன்றங்குலம் போக, இன்னும் காலே அரைக்கால் அங்குலம் இருக்க வேண்டும். கூடினாலும் வண்டி கவிழும், குறைந்தாலும் கவிழும். விடிந்தால் எழுந்து, அளவுகம்பியை வைத்து அதையே அளந்து அளந்து, அந்த அரைக்கால் மனுஷனின் நாக்கிலேயே குடியேறிவிட்டது. எட்டில் ஒரு பங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்களே, அதுதான் அரைக்கால். காலில் பாதி.

சந்திரமதிக்கு இந்தப் பேச்சு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. ஏனென்றால் அவளும் அரைக்காலில் பிழைக்கிறவள்தான். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, நாத்தனார் பேச்சியம்மாளோடு கடைத்தெருக் கோடியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தையல் மிஷினை மிதித்து இரண்டு வயிற்றையும் கழுவிக்கொண்டிருந்தாள். துணியில் அரைக்கால் கெஜம் பிசகினால் போட்டுக்கொள்கிறவள் கையைத் தூக்க முடியாது. அரைக்காலின் அருமை அவளுக்குத் தெரியும்.

சதாசிவம் முதலில் ஒரு கிழிந்த காக்கிச் சட்டையோடு வந்தார். பிறகு அதே சட்டை வேறு இடத்தில் கிழிந்து வந்தது. அப்புறம் பொத்தான் போயிற்று. அப்புறம் பை பிய்ந்தது. அந்த வருஷம் லாபிஸில் காக்கிச் சட்டை கிழிந்த மாதிரி ஜோகூர் முழுக்க எங்கேயும் கிழிந்திருக்காது.

“தண்டவாளத்துல முள்ளா மொளைச்சிருக்கு?” என்று பேச்சியம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள். “இந்தாளுக்கு மட்டும் எப்பிடிம்மா வாரத்துக்கு ஒரு சட்டை கிழியுது?”

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டு மிஷினை மிதித்தாள். தேவைக்கு அதிகமாகவே மிதித்தாள்.

ஒரு சாயங்காலம் சதாசிவம் கிழியாத சட்டையோடு வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார். “சங்கத்துக்காரங்க எஸ்டேட் மண்டபத்துல சீர்திருத்தக் கல்யாணம் நடத்தி வைக்கிறாங்க. புருஷன் இல்லாதவங்களுக்கும் நடத்துறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்.”

“என் வீட்டுல நான் மட்டுந்தான்.”

“அதுவும் தெரியும்.”

“நீங்க வந்தா...”

“ரெண்டு பேராவோம். அதானே?”

“இல்லீங்க. இப்ப நான் அரைதான். நீங்க வந்தாத்தான் ஒண்ணு.”

சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மனுஷன் போயே போய்விட்டார். சந்திரமதியின் கால் மிஷின் மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு எடுத்த துணி அன்றைக்கு முடியவில்லை.

அவள் முதலில் பேச்சியம்மாளிடம்தான் கேட்டாள். செத்தவன் பேச்சியம்மாளின் தம்பி. தூக்கி வளர்த்தவள் அவள்தான். கிழவி கொஞ்ச நேரம் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, “நீ மூலையில உக்காந்திருந்தா எந்தம்பி எந்திரிச்சு வரப்போறானா? போ புள்ள. ஆனா வாரத்துக்கு ஒருக்கா வந்து என்னைப் பாக்கணும், ஆமா” என்றாள். சந்திரமதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் பசியெடுத்துக் கருவாடு பொரித்துச் சாப்பிட்டார்கள்.

சம்மதம் என்பதை மண்டோரிடம் எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சம். அவர் அடுத்த தடவை வந்தபோது, கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சுல்தான் ராவுத்தர் கடையில மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டு இருக்கு. ஜாக்கெட்டுக்கு வாங்கிட்டு வாங்க. எனக்குத்தான்.”

எத்தனையோ வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவள் சொல்கிறாள். சதாசிவத்துக்குப் புரியாமல் இருக்குமா? முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“எவ்வளவுங்க?”

“ஒண்ணரை” என்றாள். முழங்கை வரை கை வைத்துத் தைக்க அது போதும். ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அந்த நாளில் பஃப் கைதான் பவுசு. எஸ்டேட் கணக்கெழுதுகிற கிராணி வீட்டம்மாக்களுக்கும் வாத்தியார் பெண்டாட்டிகளுக்கும் தோளில் பூசணிப்பூப் போல உப்பிக்கொண்டு நிற்கிற கைகளை இவள் எத்தனை தைத்திருப்பாள்! தனக்கென்று ஒன்று தைத்ததில்லை. அதற்கு இன்னும் கால் கெஜம் வேண்டும். கேட்கவும் வெட்கம், விடவும் மனசில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தரைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கால்” என்றாள்.

“ஒண்ணரைக்கால்” என்றார் சதாசிவம், உறுதிப்படுத்திக்கொள்ள.

“ம்” என்று தலையாட்டினாள் சந்திரமதி.

வினை வந்தது இங்கேதான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஒரே வார்த்தைக்குத் தலையாட்டி, ஆளுக்கு ஒரு அளவை மனதில் வைத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

மறுநாள் பொட்டலம் வந்தது. சந்திரமதி குளித்துக்கொண்டிருந்ததால் பேச்சியம்மாள் வாங்கி வைத்தாள். ஈரத்தலையோடு வந்து பிரித்தாள். மயில்கழுத்து நிறம் ஜன்னல் வெளிச்சத்தில் பச்சையும் நீலமுமாக ஓடியது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தையல்காரியின் கை சும்மா இருக்குமா, கெஜக்கோலை எடுத்து அளந்தாள்.

ஒன்றே அரைக்கால்.

மறுபடியும் அளந்தாள். துணியை நீவிவிட்டு இன்னொரு தரம் அளந்தாள். ஒன்றே அரைக்கால்தான். உடம்புக்குப் போக, அக்குளோடு ஒட்டின மொட்டைக் கைக்குத்தான் காணும்.

“துணி தீந்துபோச்சோ என்னவோ” என்றாள் பேச்சியம்மாள்.

“தீந்துபோனா தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல மதினி?”

“அதுவும் சரிதான். ஆம்பளைங்க புத்தியே இதுதான். இப்பவே கையை நறுக்கிட்டான் பாரு.”

கிழவி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது போய்த் தைத்த இடம் வேறு. புருஷன் செத்த பதினாறாம் நாள் வந்திருந்த பெண்கள் அவள் பெட்டியைத் திறந்து, நிறம் உள்ளதையெல்லாம் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, “இவளுக்கு இது போதும்” என்று இரண்டு வெள்ளைச் சேலையை நீட்டினார்கள். அன்றிலிருந்து எல்லாரும் அவளுக்கு எது போதும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். பூ வேண்டாம், இது போதும். விசேஷத்துக்கு முன்வரிசை வேண்டாம், பின்னால் இருந்தால் போதும். அவர்கள் சொன்னது வலிக்கவில்லை, பழகிவிட்டது. ஆனால் இந்த மனுஷனுமா? அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு கால் கெஜம். அதையும் வெட்டிவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாரா?

சாயங்காலம் சதாசிவம் தலையை எண்ணெய் போட்டு வாரிக்கொண்டு வந்தார். “பிடிச்சிருக்குதுங்களா?”

“எனக்கு எது போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீங்க சொன்ன அளவுதானே வாங்கியாந்தேன்?”

“நான் சொன்ன அளவா! கண்ணுக்கு நேரா நின்னு எப்பிடி இப்பிடிச் சொல்றீங்க?” அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் கோபத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாள். “குறைச்சுக் குடுக்குறவங்க எனக்கு நிறையப் பேர் இருக்காங்க மண்டோரே. இன்னொருத்தர் வேணாம். ஜாக்கெட்டும் வேணாம், கல்யாணமும் வேணாம்.”

சதாசிவம் அரையும் இல்லை, காலும் இல்லை, “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அந்த ஒற்றை முழு வார்த்தை அவள் காதிலேயே நின்றது.

விடிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு ராவுத்தர் கடைக்குப் போனாள். திருப்பிக் கொடுத்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைப்பு. சுல்தான் ராவுத்தர் அப்போதுதான் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

“திருப்பித் தர்றியா? ஏம்மா?” என்றார். “அந்தப் பீசுல கடைசித் துண்டும்மா அது. ஒண்ணேமுக்கால் கெஜம் இருந்துச்சு. மொத்தமா எடுத்துக்கிடுங்க மண்டோரே, மிச்சத்தை வச்சு நான் என்ன பண்ணட்டும்னு எம்புட்டோ சொன்னேன். கேட்டாத்தானே! ‘அவுங்க ஒண்ணரைக்கால்னு சொன்னாங்க. தையல்காரவங்க, அளவு தப்பா சொல்ல மாட்டாங்க’ன்னு ஒரே பிடி. சரின்னு ஒண்ணே அரைக்கால் நறுக்கிக் குடுத்தேன்.”

“நான் எங்க ஒண்ணே அரைக்கால்னு சொன்னேன்? ஒண்ணரை...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

ஒண்ணரை, கால். ஒண்ணரைக்கால்.

தண்டவாளத்தில் ‘மூணே அரைக்கால்’ என்று யாரும் வாய் நிறையச் சொல்வதில்லை. ‘மூணரைக்கால்’ என்று முழுங்கித்தான் சொல்வார்கள். அவள் வீட்டு வாசலில் நின்று அவர் அப்படிச் சொன்னதை அவளே நூறு தரம் கேட்டிருக்கிறாள், கேலியும் செய்திருக்கிறாள். ஒன்றரையும் காலும் என்று அவள் சொன்னது, அந்த மனுஷன் காதில் ஒன்றும் அரைக்காலுமாக விழுந்திருக்கிறது. குறைத்துக் கொடுக்கவில்லை. அவள் சொன்னதிலிருந்து ஒரு நூல்கூட மாறக் கூடாது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார்.

“ஐயையோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ராவுத்தரே, நான் அவரைக் கண்டபடி பேசிட்டேனே!”

“அதான் சங்கதியா? காலையில இந்தப் பக்கமாப் போனாரு. மூஞ்சி செத்துப்போய்க் கெடந்துச்சு. ஜோகூர் பாரு பக்கம் மாத்தல் கேக்கப்போறேன்னாரு. என்னான்னு கேட்டா ‘தக்காப்பா, ஒண்ணுமில்ல’ன்னுட்டுப் போயிட்டாரு.”

சந்திரமதி துணிச்சுருளை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “அந்த மிச்சத் துணி இருக்கா? சீக்கிரம் குடுங்க.”

ராவுத்தர் அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்துப் போட்டார். அவசரத்திலும் அவள் கை கெஜக்கோலைத் தேடியது. அளந்தாள். அரை கெஜம்.

“இது அரைதானே இருக்கு! ஒண்ணேமுக்கால்ல ஒண்ணே அரைக்கால் போனா, அரையே அரைக்கால் இருக்கணுமே. இன்னொரு அரைக்கால் எங்க?”

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். “எலி தின்னிருக்கும்.”

“எலி கத்திரிக்கோல் வச்சு நேரா வெட்டுமா?”

“அடேயப்பா! தையல்காரியை ஏமாத்த முடியுமா?” என்று சிரித்தார். “நான் சொல்ல மாட்டேம்மா. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீதான் கணக்குக்காரியாச்சே, போயிக் கண்டுபிடி.”

சந்திரமதி இரண்டு துண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஸ்டேஷனுக்குத் தெற்கே, கித்தா என்கிற ரப்பர் மரங்கள் தண்டவாளத்தை ஒட்டி நிற்கிற வளைவில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை சரளைக்கல்லில் தடுக்கித் தடுக்கி வருவதைப் பார்த்து சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. செல்லப்பன் என்கிற ஆள் மட்டும் “மண்டோரே, சிக்னல் விழுந்திருச்சு” என்றான். சதாசிவம் குனிந்து அளவுகம்பியை வைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“மண்டோரே, நான் அன்னிக்குச் சொன்னது ஒண்ணரை. அப்புறம் கால்.”

“ஆமாங்க. ஒண்ணரைக்கால்.”

“இல்ல. ஒண்ணரை.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுக்கு மேல ஒரு கால்.”

சதாசிவம் மெதுவாக நிமிர்ந்தார். உதடுகள் சத்தமில்லாமல் கூட்டிப் பார்த்தன. “அடக் கடவுளே! ஒண்ணேமுக்காலா? அதை ஒண்ணேமுக்கால்னே சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொல்லியிருக்கலாம். அந்தக் காலைக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. பஃப் கைக்கு அது.” அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். “எனக்கு ரொம்ப நாளா ஆசை. நீங்க வேணும்னே குறைச்சிட்டீங்கன்னு நெனச்சு என்னென்னமோ பேசிட்டேன். தப்பு எம்பேர்லதான்.”

“இல்லீங்க, என் காதுதான்...”

“இருங்க. இன்னும் முடியல. ஒரு கணக்கு இருக்கு.” இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டினாள். “மொத்தம் ஒண்ணேமுக்கால். இதுல ஒண்ணே அரைக்கால். இதுல அரை. மிச்சம் எவ்வளவு?”

கணக்கென்று வந்துவிட்டால் சதாசிவத்தால் சும்மா இருக்க முடியுமா? செத்துக்கிடந்த முகத்தில் உயிர் வந்தது. விரலை மடக்க ஆரம்பித்தார். “எல்லாத்தையும் அரைக்காலா ஒடைச்சுக்கணும். ஒண்ணேமுக்கால்னா பதினாலு அரைக்கால். ஒண்ணே அரைக்கால்ல ஒம்போது இருக்கு. அரையில நாலு. ஒம்போதும் நாலும் பதிமூணு. பதினாலுக்கு ஒண்ணு குறையுது. அப்ப மிச்சம் ஒரு அரை...”

பாதியில் நின்றுவிட்டார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. அந்தக் கறுத்த மனுஷன் அப்படிச் சிவக்க முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“சொல்லுங்க. அந்த அரைக்கால் யார்கிட்ட இருக்கு?”

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அவள் தைத்துக் கொடுத்த அதே பைதான். அதிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டைத் துணி வெளியே வந்தது. கைக்குட்டை என்றும் சொல்ல முடியாது, நாடா என்றும் சொல்ல முடியாது. நாலாக மடித்து, ஓரம் பிரியாமல் கோணல் மாணலாக அவரே நூலோட்டியிருந்தார்.

“கல்யாணத்தன்னிக்கு சட்டைப் பையில வச்சுக்கலாம்னு...” என்று முனகினார். “உங்க ஜாக்கெட்டும் அதுவும் ஒரே துணியா இருக்கட்டுமேன்னு. இந்த வயசுல சொன்னா சிரிப்பாங்க. அதான் ராவுத்தர்ட்ட சொல்லாதீங்கன்னேன்.”

செல்லப்பன் சிரிக்க வாயைத் திறந்தவன், சந்திரமதியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னேனே. இதைத் தூக்கிப் போட்டிருக்கலாம்ல?”

“போடத்தான் பாத்தேன். முக்காலே அரைக்கால் மனசு போட்டுத் தொலைடான்னுச்சு.” தலையைச் சொறிந்தார். “மிச்சம் அரைக்கால் மனசு விடல.”

சந்திரமதி அழுகையிலேயே சிரித்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாத்தல் எழுதிக் குடுத்தாச்சா?” என்றாள்.

“இன்னும் இல்லீங்க.”

“குடுக்காதீங்க.”

“சரிங்க.” பட்டைத் துணியை அவளிடம் நீட்டினார். “இந்தாங்க, எடுத்துக்குங்க. கைக்குக் குறையும்ல?”

அவள் கையை நீட்டவில்லை. மனதுக்குள் ஒரு கணம் கத்திரிக்கோலை ஓட்டிப் பார்த்தாள். “கை ரெண்டு. அரைக்காலை ரெண்டாப் பங்கு போட்டா கைக்கு ஒரு வீசந்தான் குறையும். ரெண்டு சுருக்கம் கம்மியா வச்சா சரியாப் போச்சு. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“ஊதல் கம்மியாத் தெரியுமேம்மா.”

“தெரியட்டும். ஏன்னு கேட்டா எனக்குப் பதில் இருக்கு.”

வண்டி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஆட்களை ஒதுங்கச் சொல்ல வேண்டிய மண்டோர் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் செல்லப்பன்தான் விசிலை எடுத்து ஊதினான்.

கல்யாணத்தன்று எஸ்டேட் மண்டபம் கொள்ளவில்லை. வாழ்த்த வந்தவர்களும், ஒரு விதவை கலர் உடுத்துவதை வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சரிபாதி. சந்திரமதி முன்வரிசைக்கும் முன்னால், மேடையில், மயில்கழுத்து நிறத்தில் உட்கார்ந்திருந்தாள். தோளில் இரண்டு பஃப் கையும் உப்பிக்கொண்டு நின்றன. பேச்சியம்மாள் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் அருகில் வந்து, கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏ புள்ள, ஊருக்கெல்லாம் பூசணிக்காயாட்டம் ஊதித் தைக்கிற. ஒனக்கு மட்டும் ஏன் சித்த சப்பையா இருக்கு? துணி காணலியா?”

சந்திரமதி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சதாசிவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் பைக்கு மேலே பச்சையும் நீலமுமாக ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“துணியெல்லாம் முழுசா இருக்கு மதினி” என்றாள். “ஒண்ணேமுக்காலும் இங்கதான் இருக்கு.”